அடைப்பு ஏன் எப்பவும் அந்த வளைவுலேயே வருது?

இந்த எபிசோட் ஒரு வாய்ஸ் நோட்டில் இருந்து ஆரம்பிக்குது.

போன மாசம் ஒரு நேயர் அனுப்பியிருந்தாங்க. ஐ.டி.யில வேலை, வயசு 27. அவங்க அப்பாவுக்கு ஆஞ்சியோ எடுத்திருக்காங்க. இதயத்தின் முன்பக்கமா இறங்குகிற ரத்தக்குழாயில், அது கிளை பிரிகிற இடத்துக்குப் பக்கத்துல, 70 சதவீதம் அடைப்பு. டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டி விளக்கியிருக்கிறார். எல்லாம் புரிஞ்சுது, ஒண்ணு மட்டும் புரியலைன்னு சொல்லிட்டு இப்படிக் கேட்டாங்க: "கொலஸ்ட்ரால் ரத்தத்துல இருக்கு. ரத்தம் உடம்பு பூரா ஒண்ணுதான் ஓடுது. அப்ப எல்லா இடத்துலயும் தானே படியணும்? ஏன் அந்த ஒரு இடத்துல மட்டும்? ரெண்டு இன்ச் தள்ளிப் பாத்தா குழாய் பளிச்சுன்னு இருக்கே?"

நான் டாக்டர் இல்லை. வரலாறு படிக்கிற ஆள். ஆனா இந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தோஷம். ஏன்னா இதே கேள்வியில மருத்துவ உலகம் ரொம்ப காலம் சிக்கிக்கிட்டு நின்னிருக்கு. கொலஸ்ட்ரால் கதையை எல்லாரும் சொல்வாங்க. ஓட்டத்தோட கதையை அவ்வளவா யாரும் சொல்றதில்லை. ரெண்டையும் சேர்த்துச் சொன்னாத்தான் அவங்க கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

சரி, ஃப்ளாரன்ஸுக்குப் போவோம். 1507-08 குளிர்காலம். சாந்தா மரியா நுவோவா என்ற ஆஸ்பத்திரி. ஒரு கிழவர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். தனக்கு நூறு வயது தாண்டிவிட்டது, உடம்பில் பலவீனத்தைத் தவிர ஒரு குறையும் இல்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்கிறார். சில மணி நேரத்தில் எந்தத் துடிப்பும் இல்லாமல் அமைதியாக உயிர் போய்விடுகிறது. கேட்டுக்கொண்டிருந்தவர் லியோனார்டோ டா வின்சி. இவ்வளவு சுகமான சாவுக்கு என்ன காரணம் என்று பார்க்க, அந்த உடலை அவரே அறுத்துப் பார்த்தார்.

இதயத்துக்குத் தீனி கொடுக்கிற குழாய் வறண்டு, சுருங்கிப் போயிருந்தது என்று எழுதி வைத்தார். அதோடு விடவில்லை. இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் உடலையும் அறுத்து, குழாய்களை ஒப்பிட்டார். குழந்தைக்கு நேராக, மெல்லிசாக இருந்தவை கிழவருக்குத் தடித்தும் நெளிந்தும் இருந்தன. ஆரஞ்சுப் பழம் முத்த முத்தத் தோல் தடித்து உள்ளே சதை குறைவதுபோல என்று ஒரு உவமையும் சொன்னார். ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி புத்தகம் போட்டது 1628-ல். அதாவது ரத்தம் சுற்றுகிறது என்பதே தெரியாத காலத்தில் ஒரு ஓவியர் குழாய் அடைப்பைப் பார்த்துவிட்டார்.

எனக்கு இதைவிட ஆச்சரியம் அவருடைய இன்னொரு குறிப்பு. லியோனார்டோவுக்குத் தண்ணீர்ப் பைத்தியம் உண்டு. ஆறு எங்கே சுழிக்கிறது, பாலத்துத் தூணைத் தாண்டியதும் தண்ணீர் எப்படி முறுக்கிக்கொள்கிறது என்று பக்கம் பக்கமாக வரைந்தவர். இதயத்தில் இருந்து கிளம்பும் பெருந்தமனியின் அடிவாரத்திலும் ரத்தம் அப்படித்தான் சுழித்துக்கொண்டு வால்வை மூட உதவும் என்று ஊகித்தார். கண்ணாடியில் ஒரு பெருந்தமனி செய்து, தண்ணீரில் புல் விதைகளைப் போட்டு ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று குறிப்பு வைத்திருக்கிறார். அந்தச் சுழல் உண்மைதான் என்று 20ஆம் நூற்றாண்டில் உறுதியானது. ஆனால் அவருடைய நோட்டுகள் சில நூற்றாண்டுகள் அச்சேறவே இல்லை. தடித்த குழாயையும் சுழிக்கும் ரத்தத்தையும் ஒரே ஆள் பார்த்திருக்கிறார், ரெண்டையும் யாரும் சேர்த்துப் படிக்கலை. அந்த விதைகளை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்பி வரும்.

அடுத்தது 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. அம்மைத் தடுப்பூசிக்காக நமக்குத் தெரிந்த எட்வர்ட் ஜென்னர், நெஞ்சுவலியால் இறந்த ஒருவரின் இதயத்தை அறுத்துக்கொண்டிருக்கிறார். கத்தி எதிலோ நறநறவென்று மோதி முனை மழுங்குகிறது. உடனே அவர் என்ன பண்ணார் தெரியுமா? நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். பழைய கட்டடம், காரை பெயர்ந்து இதயத்துக்குள் விழுந்துவிட்டது என்று நினைத்தார். அப்புறம்தான் தெரிந்தது, கூரையெல்லாம் இல்லை, இதயத்து ரத்தக்குழாயே எலும்புபோல இறுகியிருக்கிறது.

இதை ஜென்னர் உடனே ஊருக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணம், அவருடைய குரு ஜான் ஹண்டர். அந்தக் காலத்தின் பெரிய அறுவை மருத்துவர். ஹண்டருக்கும் அதே நெஞ்சுவலி இருந்தது. குழாய் இப்படி இறுகினால் வைத்தியம் கிடையாது என்று ஜென்னருக்குத் தெரியும். எழுதினால் ஹண்டர் படிப்பார், படித்தால் தன் கதை முடிந்தது என்று புரிந்துகொள்வார். அதனால் வாயைத் திறக்கவில்லை. 1793 அக்டோபரில், லண்டன் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டத்தில் வாக்குவாதம் முற்றி, ஹண்டர் சரிந்து விழுந்து இறந்தார். அறுத்துப் பார்த்தபோது இதயக் குழாய்கள் இறுகித்தான் இருந்தன. ஜென்னர் செய்தது சரியா தப்பான்னு நான் பல தடவை யோசிச்சிருக்கேன். இன்னிக்கு ஒரு டாக்டர் அப்படிச் செஞ்சா கேஸ் போடுவோம். ஆனா சொல்லி ஒண்ணும் ஆகாதுங்கிற காலத்துல, மௌனமும் ஒரு மருந்துதான்னு அவர் நினைச்சிருக்கலாம்.

இந்த நோய்க்குப் பெயர் வந்ததும் சுவாரசியம். 'ஆர்ட்டீரியோஸ்க்ளெரோசிஸ்', அதாவது தமனி இறுகுதல் என்ற சொல்லை 1829-ல் லோப்ஸ்டைன் கொடுத்தார். 1904-ல் ஃபெலிக்ஸ் மார்ஷாண்ட் அதை மாற்றி 'அதிரோஸ்க்ளெரோசிஸ்' என்றார். கிரேக்க மொழியில் 'அதிரே' என்றால் கூழ். நம்ம ஆடி மாசக் கூழ் மாதிரி, அதே கூழ்தான். மேலே இறுகலாகத் தெரிகிற படிவை வெட்டினால் உள்ளே மஞ்சளாகக் கூழ் வழிந்தது. அந்தக் கூழ் என்ன?

1910-ல் ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் வின்டாவுஸ் அளந்து பார்த்தார். நோயுற்ற பெருந்தமனியில், நல்ல பெருந்தமனியில் இருப்பதைப்போல 20 மடங்குக்கும் மேல் கொலஸ்ட்ரால் இருந்தது. கொலஸ்ட்ரால் அப்போது புதுப்பொருள் இல்லை. பித்தப்பைக் கல்லில் இருந்து 18ஆம் நூற்றாண்டிலேயே எடுத்திருந்தார்கள். ஆனால் அது ரத்தக்குழாய்க்குள்ளே இவ்வளவு இருப்பது புதுச் செய்தி.

அடுத்த மூன்றே வருஷத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ராணுவ மருத்துவ அகாடமியில் ஒரு 27 வயசுப் பையன், நம்ம நேயர் வயசுதான், முயல்களோடு உட்கார்ந்திருந்தார். நிகோலாய் அனிச்கோவ். அவருக்கு முன்னால் இக்னடோவ்ஸ்கி என்பவர் முயலுக்கு இறைச்சி, முட்டை, பால் எல்லாம் கொடுத்துப் பார்த்து, குழாய் கெட்டதைக் கண்டு, புரதம்தான் காரணம் என்று நினைத்திருந்தார். அனிச்கோவும் சக ஆய்வாளர் ஹலாடோவும் அதைச் சுத்தப்படுத்தினார்கள். கொலஸ்ட்ராலை மட்டும் தனியாக எடுத்து, சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து ஒரு கூட்டம் முயல்களுக்குக் கொடுத்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு வெறும் எண்ணெய். வெறும் எண்ணெய் குடித்த முயல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொலஸ்ட்ரால் குடித்தவற்றின் பெருந்தமனியில் மஞ்சள் திட்டுகள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், குழாய்ச் சுவருக்குள் கொழுப்பு உருண்டைகளை விழுங்கி உப்பிப்போன செல்கள். இன்று 'ஃபோம் செல்', நுரைச் செல் என்று சொல்வது இவற்றைத்தான்.

1913-ல் கட்டுரை வந்தது. இவ்வளவு தெளிவான சோதனை, உடனே உலகம் ஒத்துக்கொண்டிருக்கும்னு தானே நினைப்பீங்க? இல்லை. மற்ற ஆய்வகங்களில் நாய்க்கும் எலிக்கும் அதையே கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. முயல் இலைதழை தின்கிற பிராணி, அதுக்குப் போய் முட்டைக் கொழுப்பைக் கொடுத்தால் என்னதான் ஆகாது என்று ஒதுக்கினார்கள். நாய், தின்ற கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றிக் கழித்துவிடும், ரத்தத்தில் ஏறவே விடாது. அந்த விஷயம் பலருக்கும் அப்போது உறைக்கவில்லை. அனிச்கோவ் சொன்னது ரத்தத்தில் ஏறின கொலஸ்ட்ராலைப் பற்றி. எதிர்த்தவர்கள் பார்த்தது தட்டில் இருந்த கொலஸ்ட்ராலை. இந்தக் குழப்பம் முட்டை நல்லதா கெட்டதான்னு இன்னிக்கும் குடும்ப வாட்ஸப் குரூப்ல ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. மனிதர்களுக்கு ரத்தக் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு உடம்பே தயாரிப்பது. அமெரிக்காவின் உணவு வழிகாட்டி ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் என்ற கொலஸ்ட்ரால் வரம்பை 2015-ல் எடுத்துவிட்டது.

நம்ம கதைக்கு முக்கியமான விஷயம் வேற. அனிச்கோவ் இன்னொன்றும் கவனித்தார். முயலின் ரத்தம் முழுக்கக் கொலஸ்ட்ரால்தான். ஆனாலும் திட்டுகள் சீராகப் படியவில்லை. பெருந்தமனி வளைகிற இடத்திலும், கிளைகள் பிரிகிற வாய்களைச் சுற்றியும்தான் முதலில் தோன்றின. ஏதோ இயந்திர விசை இதில் இருக்கிறது என்று அவரே எழுதினார். நம்ம நேயர் கேட்ட அதே கேள்வி. ஆனால் அதற்கு விடை சொல்ல அவருக்குக் கருவி இல்லை.

இடையில ஒரு சின்ன நிறுத்தம். 1953. கொரியப் போர். வில்லியம் இனோஸ் என்ற ராணுவ நோயியல் மருத்துவரும் இரண்டு சகாக்களும், போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களைப் பரிசோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சராசரி வயது 22. ராணுவத்துக்குத் தேறிய, ஓடியாடுகிற, ஆரோக்கியமான பையன்கள். அவர்களில் 77 சதவீதம் பேரின் இதயக் குழாய்களில் கண்ணுக்குத் தெரிகிற படிவு இருந்தது. லேசான தடிப்பில் இருந்து முழு அடைப்பு வரை. யாருக்கும் எந்த அறிகுறியும் இருந்ததாகத் தெரியாது. இது கிழவர்களின் நோய் என்ற எண்ணம் அந்த ஒரு கட்டுரையில் ஆட்டம் கண்டது. நோய் தெரிய வருவதுதான் ஐம்பதில், ஆரம்பிப்பது இருபதுக்குள்.

இப்போ வளைவுக்கு வருவோம். 1960களின் கடைசியில் அட்லாண்டிக்கின் இரண்டு கரையிலும் இரண்டு பேர் ஒரே கேள்விக்கு நேரெதிர் பதில் சொன்னார்கள்.

அமெரிக்காவில், தேசிய சுகாதார நிறுவனத்தில் டொனால்ட் ஃப்ரை. குழாயின் உட்பக்கம் முழுக்க ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு விரிப்பு இருக்கிறது. எண்டோதீலியம் என்பார்கள். ரத்தம் இதை உரசிக்கொண்டே ஓடுகிறது. அந்த உரசல் விசைக்குப் பெயர் 'ஷியர்'. ஃப்ரை நாய்களின் பெருந்தமனிக்குள் ஒரு அடைப்பானை வைத்து, ஒரு குறுகிய வாய்க்கால் வழியாக மட்டும் ரத்தம் வேகமாகப் பாயும்படி செய்தார். உரசல் அளவுக்கு மீறினதும் அந்த விரிப்பு வீங்கி, உருமாறி, அரித்துப் போனது. ஆக, ரத்தம் வேகமாக மோதுகிற இடத்தில் சுவர் புண்ணாகிறது, புண்ணில் கொழுப்பு ஏறுகிறது. 1968-ல் வெளிவந்தது. கேட்கவே நியாயமாக இருக்கிறது இல்லையா? எதுவும் தேய்கிற இடத்தில்தானே பழுதாகும்?

லண்டனில், இம்பீரியல் காலேஜில் காலின் காரோ. உடலியல் அறிஞர். அவரோடு வேலை செய்தவர்களில் கணக்குத் தெரிந்தவரும் இருந்தார், ரசாயனப் பொறியாளரும் இருந்தார். அவர்கள் இறந்த மனிதர்களின் ரத்தக்குழாய்களை எடுத்து, ஆரம்பக் கொழுப்புத் திட்டு எந்தப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது என்று நுணுக்கமாகப் பார்த்தார்கள். வளைவில் உள்பக்கம். கிளை பிரியும் இடத்தில், ரத்தம் நேராகப் போய் மோதுகிற நடு விளிம்பில் இல்லை. அதற்கு எதிரே இருக்கிற வெளிச்சுவரில். ரெண்டுமே உரசல் குறைவான இடங்கள். ஃப்ரை சொன்னதற்கு அப்படியே தலைகீழ். 1969-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

இதைப் படிச்சப்போ எனக்கு ஆறுதான் ஞாபகம் வந்துச்சு. ஆறு வளையுற இடத்துல போய் நின்னு பாருங்க. வெளிக்கரையில தண்ணி வேகமா அடிச்சு மண்ணை அரிக்கும். உள்கரையில மெதுவாப் போகும், அங்கதான் மணல் திட்டு சேரும். ஃப்ரை அரிக்கிற கரையைக் காட்டினார், காரோ மணல் சேர்ற கரையைக் காட்டினார். ஆனா இந்த உவமையை இதுக்கு மேல இழுக்கக் கூடாது. மணல் ஆற்றின் அடியில் படியுது, கொழுப்பு அப்படி மேலே படியறதில்லை. அதுக்கு வரேன்.

பல வருஷம் இரண்டு கட்சியாகத்தான் இருந்தது. 1983-ல் ஜாரின்ஸ், கிளாகோவ், கிட்டன்ஸ் உள்ளிட்ட ஒரு அமெரிக்கக் குழு கழுத்துக் குழாயை எடுத்துக்கொண்டது. கழுத்தின் இரண்டு பக்கமும் ஏறுகிற கரோடிட் தமனி, தாடைக்குக் கீழே ஒன்று மூளைக்கு, ஒன்று முகத்துக்கு என இரண்டாகப் பிரிகிறது. பக்கவாதத்துக்குப் பேர்போன இடம். இறந்தவர்களின் கரோடிட் தமனிகளில் படிவு எங்கே, எவ்வளவு தடிமன் என்று அளந்தார்கள். அதே வடிவத்தில் ஒளிபுகும் மாதிரிக் குழாய் ஒன்றைச் செய்து, திரவத்தை ஓடவிட்டு, எந்த இடத்தில் ஓட்டம் எப்படி என்று பார்த்தார்கள். ஞாபகம் இருக்கா, லியோனார்டோவின் கண்ணாடிக் குழாயும் புல் விதையும்? கிட்டத்தட்ட 470 வருஷம் கழிச்சு அந்தச் சோதனை அவர் நினைச்சே பார்க்காத ஒரு கேள்விக்காக நடந்துச்சு.

முடிவு காரோ பக்கம் சாய்ந்தது. ரத்தம் விறுவிறுவென்று உரசிப் போகிற நடு விளிம்பில் படிவே அனேகமாக இல்லை. வெளிச்சுவர் பக்கம் ஓட்டம் மந்தமாகி, சுவரை விட்டு விலகி, சுழித்து, ஒவ்வொரு துடிப்பிலும் முன்னே போய்ப் பின்னே வந்து தடுமாறுகிறது. படிவு அங்கேதான் தடிமனாக இருந்தது. காரோ சொன்ன காரணம் முழுக்க நிற்கவில்லை; அவர் கொழுப்பு சுவருக்குள் போவதையும் வருவதையும் வைத்து விளக்கியிருந்தார். ஆனால் இடம் சரி. ஃப்ரை மேலும் எனக்கு மரியாதை உண்டு, அவர் சோதனையிலும் தப்பில்லை. அளவுக்கு மீறின உரசல் செல்லை அரிக்கத்தான் செய்யும். ஆரோக்கியமான குழாயில் உரசல் அந்த அளவுக்குப் போவதில்லை, அவ்வளவுதான்.

ஏன் மந்தமான ஓட்டம் சுவருக்கு ஆகாது? இதற்குப் பதில் செல்லிடம் இருந்தது. 1981-ல் ஒரு குழு எண்டோதீலியம் செல்களைத் தட்டில் வளர்த்து, மேலே ஒரு கூம்பைச் சுழற்றித் திரவத்தை ஓடவிட்டது. சீரான ஓட்டத்தில் அந்தச் செல்கள் நீண்டு, ஓடுகிற திசையில் வரிசையாகத் திரும்பிக்கொண்டன, ஓடையில் மீன் நிற்கிற மாதிரி. ஓட்டம் குழம்புகிற இடத்தில் அந்த ஒழுங்கு வருவதில்லை. கூழாங்கல் பரப்பினதுபோல தாறுமாறாகக் கிடக்கும். அதாவது அந்த விரிப்பு வெறும் பெயின்ட் இல்லை, அதுக்கு ஓட்டம் தெரியும்.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1980-ல், நியூயார்க்கின் ராபர்ட் ஃபர்ச்காட் இன்னொரு துண்டைக் கண்டுபிடித்திருந்தார். அசிட்டைல்கோலின் என்ற பொருள் உயிருள்ள உடலில் குழாயை விரிக்கும். அவருடைய ஆய்வகத்தில், முயல் பெருந்தமனித் துண்டில் வைத்தால் சுருக்கும். பல வருஷமாக விளங்காத புதிர். உதவியாளர் ஒருவர் சோதனை முறையில் செய்த ஒரு தவறில், துண்டு ஒருநாள் விரிந்துவிட்டது. தோண்டிப் பார்த்தால் காரணம் ரொம்ப எளிது. அதுவரை துண்டைத் தயார் செய்யும்போது உட்பக்கத்தை உரசி எடுத்திருக்கிறார்கள், தெரியாமலேயே எண்டோதீலியம் போயிருக்கிறது. விரிப்பு இருந்தால்தான் குழாய் விரியும். அது அனுப்புகிற தூதுப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்று பின்னால் தெரிந்தது. 1998-ல் நோபல் பரிசு.

இப்போ துண்டுகளைச் சேர்க்கலாம். ரத்தம் சீராக உரசிப் போனால், எண்டோதீலியம் நைட்ரிக் ஆக்சைடை விடும், இறுக்கமாக இருக்கும், வெள்ளணுக்களை ஒட்ட விடாது. ஓட்டம் தடுமாறுகிற வளைவில் அந்தப் பாதுகாப்பு குறைகிறது. செல்களுக்கு நடுவே கசிவு. ரத்தத்தில் எல்.டி.எல். அதிகம் இருந்தால், அந்தத் துகள்கள் அந்தக் கசிவு வழியே சுவருக்குள் போய் மாட்டிக்கொள்கின்றன. உள்ளே மாட்டினது கெட்டுப்போகிறது. அதை அகற்ற வெள்ளணுக்கள் உள்ளே வந்து, தின்று தின்று உப்பி, வெளியே போக முடியாமல் அங்கேயே சாகின்றன. அனிச்கோவ் பார்த்த நுரைச் செல்கள். அதுதான் கூழ். மேலே உடம்பு நாரால் ஒரு மூடி போடுகிறது.

கவனிச்சீங்களா, இதெல்லாம் சுவருக்கு உள்ளே நடக்குது. சிங்க் குழாயில எண்ணெய்ப் பிசுக்கு சேர்ற மாதிரி இல்லை. இந்த இடத்துலதான் எனக்கு அந்தக் குழாய் அடைப்பு விளம்பரங்கள் மேல கோபம். படிவு வளரும்போது ரத்தக்குழாய் முதலில் வெளிப்பக்கமாகப் பெருத்து இடம் கொடுக்கும். சிகாகோவின் கிளாகோவ், மேலே சொன்ன அதே கிளாகோவ், 1987-ல் இதை அளந்தார். குழாயின் பரப்பில் சுமார் 40 சதவீதத்தைப் படிவு பிடிக்கும் வரை உள்வழி குறுகுவதே இல்லை. அதனால் ஆஞ்சியோவில் பளிச்சென்று தெரிகிற இடத்திலும் சுவருக்குள் கூழ் இருக்கலாம். மாரடைப்பு பல நேரம் வருவது, வழி கொஞ்சமாகக் குறுகின ஒரு படிவின் மூடி கிழிந்து, கூழ் ரத்தத்தைத் தொட்டு, அங்கே ரத்தம் உறைந்து சில நிமிஷத்தில் அடைப்பதால். நேற்று டிரெட்மில்லில் ஓடினவர் இன்று போய்விட்டார் என்று நாம் ஆச்சரியப்படுவது இதனால்தான். 'ரெண்டு இன்ச் தள்ளி பளிச்சுன்னு இருக்கே' என்று நேயர் சொன்னதுக்கும் இது பதிலில் பாதி.

ஓட்டம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு பைபாஸ் ஆபரேஷன் ஒரு சாட்சி. சிரைகளுக்கு இந்த நோய் வருவதில்லை. 1967-ல் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ காலில் இருந்து சிரையை எடுத்து இதயத்துக்கு மாற்றுப்பாதை போடத் தொடங்கினார். அதே சிரை, காலில் இருந்தவரை ஒன்றும் ஆகாதது, தமனியின் அழுத்தத்திலும் ஓட்டத்திலும் வைத்ததும் சில வருஷத்தில் அதிலும் படிவு வர ஆரம்பித்தது. ஆனால் நெஞ்சுக்கூட்டின் உட்பக்கமாக நேரே இறங்குகிற தமனியை எடுத்துப் போட்டால், அது பல வருஷம் சுத்தமாக நிற்கிறது. அதனால்தான் முக்கியமான குழாய்க்கு அதையே பயன்படுத்துகிறார்கள்.

அப்போ வளைவுதான் குற்றவாளியா? வளைவு இல்லாத மனுஷன் கிடையாதே. 2013-ல் ஒரு குழு எகிப்து, பெரு, வட அமெரிக்கா என்று நான்கு நிலப்பகுதிகளைச் சேர்ந்த 137 மம்மிகளை சி.டி. ஸ்கேன் செய்து பார்த்ததில், மூன்றில் ஒருவருக்கு ரத்தக்குழாய் இறுகின தடயம் இருந்தது. ஃபாஸ்ட் ஃபுட் எல்லாம் அப்புறம் வந்தது. 2017-ல் அதே ஆய்வாளர்களில் சிலர் பொலிவியக் காட்டில் வாழும் சிமானே மக்களை ஸ்கேன் செய்தார்கள். 705 பேர், எல்லாரும் 40 வயதும் அதற்கு மேலும். 85 சதவீதம் பேரின் இதயக் குழாய்களில் கால்சியப் படிவே இல்லை. அவர்களுடைய சராசரி எல்.டி.எல். 91. அவர்களுக்கும் அதே வளைவுகள்தான், அதே கிளைகள்தான். கூழுக்கு மூலப்பொருள் குறைவு. நேர்மாறாக, பிறவியிலேயே எல்.டி.எல்.லை அகற்ற முடியாத மரபுக் கோளாறு உள்ள குழந்தைகளுக்குப் பத்து, பதினைந்து வயதிலேயே மாரடைப்பு வரும். பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவரும் 1970களில் அந்தக் கோளாறைத் துருவித்தான் எல்.டி.எல். ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள்.

மருந்துக் கதை தனி எபிசோட் வேணும், இங்கே ரெண்டு வரி. ஜப்பானின் அகிரா எண்டோ சுமார் 6,000 பூஞ்சைகளைச் சோதித்து, அரிசியில் வளர்ந்த ஒரு பூசணத்தில் இருந்து 1973-ல் முதல் ஸ்டாட்டினைக் கண்டுபிடித்தார். 1994-ல் 4,444 நோயாளிகளை வைத்து ஸ்காண்டிநேவியாவில் நடந்த ஆய்வில், அந்த வகை மாத்திரை சாப்பிட்டவர்களிடையே மரணம் 30 சதவீதம் குறைந்தது. அனிச்கோவ் சொல்லி 81 வருஷம். அவர் அதைப் பார்க்கவில்லை. 1964-ல் இறந்தார், மாரடைப்பால்.

அந்த நேயர் கடைசியில இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தாங்க, கொஞ்சம் தயங்கி: "எனக்கும் வருமா?" இதை நான் அவங்க டாக்டர்கிட்டதான் கேட்கச் சொன்னேன். கூடவே ஒரு தகவல் சொன்னேன். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களில் முதல் மாரடைப்பு வந்தவர்களில் பாதிப்பேர் 53 வயதைத் தாண்டவில்லை. மற்ற நாடுகளில் அந்த வயது 59. லிப்பிட் டெஸ்ட் எடுத்தாச்சான்னு கேட்டேன். எடுக்கலைன்னாங்க. போன வாரம் எடுத்துட்டாங்க, எல்.டி.எல். 148. அப்பாவோட கார்டியாலஜிஸ்ட்டையே போய்ப் பார்க்கப் போறாங்க.

இப்போ இயர்போனைக் கழட்டாம, ரெண்டு விரலைத் தாடைக்குக் கீழே, கழுத்துல ஒரு பக்கமா மெதுவா வைங்க. துடிப்பு தெரியுதா? அதுக்குக் கொஞ்சம் மேலதான் கரோடிட் ரெண்டாப் பிரியுது. வெளிப்பக்கச் சுவர்ல ரத்தம் ஒரு நொடி தயங்கிச் சுழிச்சுப் போகுது. ஒரு பக்கம் மட்டும் வைங்க, ரெண்டு பக்கமும் சேர்த்து அழுத்தாதீங்க, தலை சுத்தும்.